ஐகான் 1.6: அறுபத்தைந்தாயிரம் ரூபாய் கார் என் பெயருக்கு வந்த கதை

நான் வளர்ந்தது சிங்கப்பெருமாள்கோயிலில். ஃபோர்டு ஐகான் எனக்கு ஊர்க்கார வண்டி. பக்கத்து மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்து புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் போகும் நீளமான லாரிகளைப் பள்ளிப் பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே போவேன். ஐகான் 1999 கடைசியில் வந்தது. 'ஜோஷ் மெஷின்' என்று விளம்பரம் செய்தார்கள். அதிலும் 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின்தான் பேச்சு. 2022-இல் அங்கே கார் தயாரிப்பு நின்றபோது, ஒரு ஐகான் 1.6 என் வீட்டில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

2023 ஜனவரியில் தாம்பரத்தில் கிடைத்தது. 2003 மாடல், ஒரே உரிமையாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர். துரு குறைவு, அடிபட்ட தடம் இல்லை. டயர்களின் மேல் பட்டை தேயாமல் நன்றாக இருந்தது. ஆனால் பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கு இலக்க எண் 3512. அதாவது 2012-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. பட்டை எவ்வளவு இருந்தாலும் பத்து வருட டயரை நம்பி வேகமாகப் போகக் கூடாது. அதைக் காட்டியதும் சார் 5,000 குறைத்தார். 65,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம்.

அப்புறம்தான் ஆர்.சி. புத்தகத்தை முழுக்கப் பார்த்தேன். ஒரு வங்கியின் பெயரில் ஹெச்.பி., அதாவது வண்டி மீது கடன் இருப்பதைக் காட்டும் பதிவு, இருந்தது. "லோனை 2008-லயே கட்டி முடிச்சிட்டேன் தம்பி, பேரை எடுக்கத்தான் மறந்துட்டேன்" என்றார். பழைய வண்டி வாங்குபவர்கள் இன்ஜினைத் திறந்து பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். ஹெச்.பி. நீங்காமல் வண்டி உங்கள் பெயருக்கு முழுதாக வராது. கடன் முடிந்துவிட்டது என்று வங்கி என்.ஓ.சி. கடிதம் தர வேண்டும். படிவம் 35-இல் முத்திரையோடு கையெழுத்தும் போட வேண்டும். இந்த வங்கியோ இடையில் வேறொரு வங்கியோடு இணைந்துவிட்டது. கடன் கொடுத்த கிளையே இப்போது இல்லை.

ஏழு வாரம் ஆனது. முதல் மூன்று வாரம் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். சார் வீட்டு அலமாரியில் கடைசித் தவணை கட்டிய ரசீதும், கடன் எண் எழுதிய அட்டையும் கிடைத்த பிறகுதான் விஷயம் நகர்ந்தது. எழுபது வயதைத் தாண்டியவர் என்னோடு நான்கு முறை வங்கிப் படி ஏறினார். விற்றது விற்றாயிற்று என்று அவர் ஒதுங்கியிருந்தால் இந்த வண்டி எனக்குக் கிடைத்திருக்காது. கடிதம் கைக்கு வந்ததும் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30, இந்த 35 எல்லாவற்றையும் ஒன்றாகவே போட்டேன். பெயர் மாறி வந்தது.

இன்ஷூரன்ஸ் எதிர்பாராத செலவு. 2022 ஜூன் முதல் இருந்த கட்டணப்படி மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 1,000 சி.சி.க்கு மேல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் போனால் 7,897. ஐகான் 1,597 சி.சி. அந்த 97 சி.சி.க்காக வருடத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் கூடுதல், ஜி.எஸ்.டி. வரி தனி. வண்டி விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஏப்ரலில் மதுராந்தகத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது வெப்ப ஊசி நடுவிலிருந்து மேலே ஏறியது. ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு, அடுத்த நிழலில் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினேன். ஹீட்டர் இன்ஜினின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓரங்கட்டும் வரை தாங்க அது போதும். சூடாக இருக்கும்போது கூலன்ட் டப்பாவின் மூடியைத் திறக்கவே கூடாது, வெந்நீர் முகத்தில் அடிக்கும். 'இன்னும் பத்து கிலோமீட்டர்தானே' என்று நான் ஓட்டியிருந்தால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் வளைந்திருக்கும். ரோகாம் என்ற இந்த ஃபோர்டு இன்ஜினின் ஹெட் அலுமினியம், சூடு தாங்காது. டோ வண்டி வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

குரோம்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் பானட்டைத் தூக்கியதும் கையைச் சரியாக ஒரே இடத்தில் வைத்தார். தெர்மோஸ்டாட் ஹவுசிங், அதாவது கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும் கூடு. ரோகாமில் அது பிளாஸ்டிக். வருடக்கணக்கில் சூடேறி ஆறி மொறமொறப்பாகி, மயிரிழை போல விரிசல் விடும். கசியும் கூலன்ட் சூட்டிலேயே காய்ந்துபோவதால் தரையில் ஒரு சொட்டும் தெரியாது. "இதை மட்டும் மாத்திட்டுப் போகாதீங்க தம்பி. ஹோஸ், வாட்டர் பம்ப் எல்லாத்தையும் சேர்த்து மாத்துங்க. ஒண்ணு புதுசா இருந்தா அடுத்த பழசு விட்டுரும்" என்றார். அவர் சொன்னபடியே செய்தேன். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகாது என்பதால் பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றினோம்.

உதிரிபாகம் தேடி இரண்டு சனிக்கிழமை அலைந்தேன். புஷ், ஃபில்டர், பிரேக் பேடு போன்றவை சென்னை ஜி.பி. ரோட்டில் கிடைத்தன. 1.3 ரோகாம் ஐகானும் நிறைய விற்றதால் இன்ஜின் பக்கத்துப் பாகங்கள் சில இன்னும் புதிதாகவே வருகின்றன. கதவுக் கைப்பிடி, ஜன்னல் ஸ்விட்ச், ஹெட்லைட் இதெல்லாம் பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைதான். அங்கே போகும்போது கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். வாயால் சொல்லி வாங்கினால் பொருந்தாத ஒன்றோடு திரும்பி வருவீர்கள். நான் ஹெட்லைட்டை இரண்டு முறை வாங்கினேன். கூலிங், லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர், நான்கு டயர் எல்லாம் சேர்த்து 58,000 ஆனது. கிட்டத்தட்ட இன்னொரு வண்டி விலை. அதையும் கையில் வைத்துக்கொண்டுதான் இந்த மாதிரிக் காரில் இறங்க வேண்டும். பிக்கப்பைக் கூட்ட ஒரு ரூபாயும் செலவு செய்யவில்லை. நின்று, திரும்பி, சூடாகாமல் ஓடினாலே 1.6-இல் இருக்கும் சக்தி தாராளம்.

அந்த ஜூனில் ஆர்.சி. முடிவதாக இருந்தது. தனியார் கார்களுக்கு முதலில் 15 வருடம், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். டெல்லியைப் போல இங்கே வயதைச் சொல்லித் தடுப்பதில்லை. வண்டி தகுதியாக இருந்தால் போதும். 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாயாக இருந்த கட்டணம் 5,000 ஆகியிருந்தது, பசுமை வரி தனி. படிவம் 25-ஐ நிரப்பி, புகைச் சான்றிதழோடு வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் சேஸிஸ் எண்ணைப் பார்த்தார், லைட், ஹாரன், வைப்பர் எல்லாம் போடச் சொன்னார். பின் கண்ணாடியைத் தட்டி, "ஃபிலிமை எடுத்துட்டு வாங்க" என்றார். நியாயம்தான், 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடைசெய்தது. வெந்நீரில் ஊறவைத்து உரித்துவிட்டு மறுநாள் போனேன். 2028 வரை கிடைத்தது.

அந்த வாரமே அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஏலகிரி போனேன். 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கேதான் இந்த இன்ஜின் என்னவென்று புரிந்தது. 92 குதிரைசக்தி என்பது இன்றைய கார்களின் பக்கத்தில் பெரிய எண் இல்லை. ஆனால் இழுவிசை நிமிடத்துக்கு 2,500 சுற்றிலேயே முழுதாகக் கிடைத்துவிடுகிறது. வளைவுக்குள் இரண்டாம் கியரில் நுழைந்து, ஸ்டீயரிங் நேராகும்போது மிதித்தால் தயங்காமல் இழுத்துக்கொண்டு போகிறது. ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கில் சாலையின் சொரசொரப்பு உள்ளங்கைக்கு வருகிறது. நான் ஓட்டிய எந்தப் புதுக் காரிலும் எனக்கு அது கிடைக்கவில்லை.

அப்பா பாதி வழி வரை பேசவில்லை. பாரி வளைவைத் தாண்டியதும், "நம்ம ஊர்ல செஞ்சதுதானே இது" என்றார். மேலே போய்ச் சேரும் வரை இருவரும் வெப்ப ஊசியைப் பார்த்துக்கொண்டேதான் போனோம். அது நடுவை விட்டு அசையவில்லை.