மணிக்கும் இடம் இருக்கிற கார்

வீட்டில் அப்பா, அம்மா, நாங்கள் இரண்டு பேர், பையன், அப்புறம் எங்கள் சிப்பிப்பாறை நாய் மணி. எல்லோரும் ஒன்றாக ஊருக்குப் போய்வரத்தான் செகண்ட் ஹேண்ட் கார் தேடுகிறோம், அதனால் பின்னால் தனி டிக்கி உள்ள செடான் வேண்டாம் என்று முதலிலேயே விட்டுவிட்டேன், டிக்கியை மூடினால் அவனுக்குக் காற்றே வராது. 2012இல் வந்த மாருதியின் பழைய ஏழு சீட் எர்டிகா பிடித்திருக்கிறது. கடைசி வரிசையை மடக்கினால் மணி நீட்டிப் படுக்கலாம், கூரையில் பின் ஏசி உள்ள மாடலாகப் பார்த்து எடுத்தால் சித்திரை வெயிலிலும் பயமில்லை.

சென்னை வண்டி என்றால் நான் முதலில் பார்ப்பது சீட் பெல்ட்டைத்தான். கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக்கறை இருந்தால் 2015லோ 2023லோ வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்தும் பாருங்கள். ஆர்சியில் கடன் பதிவு இருந்தால் வங்கியின் என்ஓசி (தடையில்லாச் சான்று), கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35 இரண்டும் கைக்கு வராமல் முழுப் பணம் தராதீர்கள்.

சரி, நாயோடு நெடுந்தூரம் போகிறவர்கள் என்ன வண்டி வைத்திருக்கிறீர்கள்? மூன்றரை லட்சத்துக்குள் சொல்லுங்கள்.