குடும்ப அட்டையும் தேயிலை வரம்பும்

கோத்தகிரிப் பக்கத்தில், தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் தொழிலாளர் வரிசை வீடுகளில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியபோது பெற்ற குடும்ப அட்டையை மடிப்புக் கிழியாமல் பாலிதீன் உறையிட்டு இன்றும் வைத்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளின் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்தில் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். இந்திய-இலங்கை உறவை வெளியுறவு அமைச்சகங்களே தீர்மானிக்கின்றன என்று நம்புபவர்கள் அந்த அட்டையின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1947 தேர்தலில் இலங்கை மலையகத் தமிழர்கள், அதாவது இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்கள், தங்கள் கட்சிக்குச் சில இடங்களைப் பெற்றுத் தந்ததோடு, வேறு தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் வாக்களித்தார்கள். விடுதலை பெற்ற அதே 1948-இல் டி.எஸ். சேனநாயக்க அரசு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து ஏறத்தாழ ஏழு லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியதில், எனக்குத் தெரிவதெல்லாம் தொகுதிக் கணக்குத்தான். அவர்கள் இலங்கையின் பொறுப்பு என்று நேரு இறுதிவரை சொன்னார். அவர் மறைந்த ஐந்தே மாதத்தில், 1964 அக்டோபர் 30 அன்று, இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக் கையெழுத்திட்டார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை, அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்குரிமை இல்லையே. 1977-க்குப் பிறகு மலையகத் தமிழர்களின் தலைவர் தொண்டமான் கொழும்பு அமைச்சரவையில் அமர்ந்து, அவருடைய ஆதரவு அரசுகளுக்குத் தேவைப்பட்ட பின்னரே, எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டங்கள் 1988-இலும் 2003-இலும் வந்தன.

வணிகத்திலும் இதே வாக்குக் கணக்குத்தான், இம்முறை நம் பக்கத்தில். 1998-இல் கையெழுத்தாகி 2000-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தம், சலுகை வரியில் வரும் இலங்கைத் தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ என்று வரம்பு கட்டியது; தொடக்கத்தில் துறைமுகங்களுக்கும் கட்டுப்பாடு இருந்தது. அந்த ஆண்டுகளில் பச்சைத் தேயிலை விலை சரிந்து, நீலகிரிச் சிறு விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். சரிவுக்குப் பெரிய காரணம் சோவியத் சந்தை கைநழுவியது. ஆனாலும் எல்லாம் "சிலோன் தூளால்" என்ற பேச்சுதான் மேடையில் எடுபட்டது, ஏனென்றால் மாஸ்கோவைத் திட்டி இங்கே யாரும் ஓட்டுக் கேட்க முடியாது. உண்மையில் வந்திறங்கிய தேயிலை அந்த வரம்பைத் தொடவே இல்லை.

கொழும்பில் அச்சம் வேறு வகை. இந்தியர்கள் வந்து தொழிலையும் வேலையையும் பறிப்பார்கள் என்ற எதிர்ப்பால், 2008-இல் கையெழுத்தாகவிருந்த விரிவான பொருளாதார ஒப்பந்தம் கடைசி நேரத்தில் கைவிடப்பட்டது. 2016-இல் வேறு பெயரில் தொடங்கிய பேச்சும் அதே எதிர்ப்பில் சிக்கி ஆண்டுக்கணக்கில் இழுபட்டது.