பிள்ளை பின்னாடி பணம் போனா வாத்தியார் எங்க போவார்?

எங்க அத்தை கூட ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டம்) பத்தி பேசவே கூடாதுன்னு ரெண்டு வருஷமா நானே எனக்கு ஒரு ரூல் போட்டு வச்சிருந்தேன். போன வாரம் அது உடைஞ்சு போச்சு. சாப்பிட்டுட்டு சும்மா உக்காந்திருந்தப்ப டிவில தனியார் பள்ளி இருபத்தஞ்சு சதவீத இட ஒதுக்கீடுன்னு ஏதோ ஓடுச்சு, நான் வாய வச்சுட்டு சும்மா இருக்காம "நல்ல திட்டம்தானே அத்தை"ன்னு சொல்லிட்டேன், அவ்வளவுதான், ராத்திரி பதினொன்ற வரைக்கும் போச்சு.

அத்தை ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளில முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்து ஹெச்எம்மா ரிட்டயர் ஆனவங்க. கடைசி எட்டு வருஷம் ஈராசிரியர் பள்ளி. அதாவது ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் அஞ்சு வகுப்பு, வாத்தியார் ரெண்டே பேர், அதுல ஒருத்தர் ஹெச்எம், அந்த ஹெச்எம்தான் பிள்ளைக விவரத்த எல்லாம் எமிஸ் வெப்சைட்ல ஏத்தணும், பிஇஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ் மீட்டிங் போகணும், சத்துணவு முட்டை கணக்கு பாக்கணும், தேர்தல் வந்தா பூத் டூட்டி. மிச்ச நேரத்துல பாடம். இதெல்லாம் தெரிஞ்சும் என் பொண்ண நான் போட்டிருக்கறது தனியார் பள்ளிலதான், இத முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் யாராவது கேப்பீங்க. அத்தையும் கேட்டாங்க, வேற மாதிரி கேட்டாங்க, அத எழுத முடியாது.

தெரியாதவங்களுக்கு கதைய சுருக்கமா சொல்லிடறேன். 2009ல வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1ல இருந்து அமல். அதுல 12(1)(சி)ன்னு ஒரு பிரிவு இருக்கு. அரசு உதவி வாங்காத தனியார் பள்ளியும் நுழைவு வகுப்புல நாலுல ஒரு சீட்ட பக்கத்துல இருக்கற ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்கும் ஃபீஸ் வாங்காம குடுக்கணும், எட்டாவது வரைக்கும். அந்தப் பணத்த அரசு பள்ளிக்குக் குடுக்கும். எவ்வளவுன்னா, அரசு தன் பள்ளில ஒரு பிள்ளைக்கு பண்ற செலவு, இல்ல அந்த தனியார் பள்ளியோட ஃபீஸ், ரெண்டுல எது கம்மியோ அது. தனியார் பள்ளிக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க, 2012ல உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும்னு சொல்லிடுச்சு, 2014ல சிறுபான்மை பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு குடுத்துச்சு. தமிழ்நாட்டுல எல்கேஜிக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ணனும், வீட்டுல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள பள்ளி இருக்கணும், சீட்ட விட அப்ளிகேஷன் அதிகமா வந்தா குலுக்கல்.

இந்த குலுக்கல நான் நேர்ல பாத்திருக்கேன். எங்க தெருவுல இஸ்திரி போடற அக்காவோட மூத்த பையனுக்கு 2022ல நான்தான் லேப்டாப்ல அப்ளிகேஷன் போட்டுக் குடுத்தேன். வருமானச் சான்றிதழ் ரெண்டு லட்சத்துக்குக் கீழ இருக்கணும், அது ஒரு அலைச்சல், ஆதார்ல பழைய அட்ரஸ் இருந்துச்சு, அது இன்னொரு அலைச்சல். குலுக்கல் அன்னைக்கு பள்ளி ஹால்ல அம்மாக்கள் எல்லாம் கோயில்ல பூ கேக்கற மாதிரி உக்காந்திருந்தாங்க. பேர் கூப்பிட்டதும் அக்கா அழுதுட்டாங்க. பக்கத்துல பேர் வராத ஒரு பொண்ணும் அழுதுச்சு. நான் யாரப் பாக்கறதுன்னு தெரியாம சுவர்ல இருந்த ஆண்டுவிழா போட்டோவ பாத்துட்டு நின்னேன்.

அதனால எனக்கு இந்த திட்டத்த வெறும் பாலிசின்னு பாக்க முடியல. அந்தப் பையன் இப்ப இங்கிலீஷ்ல ரைம்ஸ் சொல்றான், ஷூ போடறான், அக்கா முகத்துல அதுக்குன்னு ஒரு தனி நிமிர்வு இருக்கு. அத தப்புன்னு சொல்ல நான் யாரு.

அத்தையும் அக்காவ தப்பு சொல்லல. அவங்க சொன்னது வேற, அதத்தான் இந்த ஒரு வாரமா யோசிச்சிட்டிருக்கேன்.

சட்டத்துல ஆரம்பப் பள்ளிக்கு கணக்கு இப்படி இருக்கு, அறுபது பிள்ளை வரைக்கும் ரெண்டு ஆசிரியர், அறுபத்தொண்ணுல இருந்து தொண்ணூறு வரைக்கும் மூணு. ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 1ம் தேதி எத்தனை பிள்ளை இருக்காங்கன்னு பாத்து பணியாளர் நிர்ணயம் பண்ணுவாங்க. அத்தை பள்ளில ஒரு வருஷம் அறுபத்தி மூணு பிள்ளைக இருந்துச்சு, மூணு டீச்சர். அடுத்த வருஷம் ஒண்ணாம் வகுப்புக்கு அஞ்சு பேர் கம்மியா வந்தாங்க. அஞ்சு பேர்தான். ஆகஸ்ட் 1ல அம்பத்தெட்டு. மூணாவது டீச்சர் உபரி ஆசிரியர் ஆயிட்டாங்க, பணி நிரவல்ல, அதாவது ஆள் தேவைப்படற பள்ளிக்கு மாத்தறதுல, வேற ஒன்றியத்துக்குப் போயிட்டாங்க. "அந்தப் புள்ளதான்டா ஒண்ணாவது ரெண்டாவது எடுத்துட்டு இருந்தா, பாட்டு பாடி சொல்லிக் குடுப்பா"ன்னாங்க. அதுக்கப்புறம் அஞ்சு வகுப்புக்கு ரெண்டு பேர். இத பாத்த ஊர்க்காரங்க என்ன பண்ணுவாங்க, டீச்சரே இல்லாத ஸ்கூல்ல எதுக்குன்னு அடுத்த வருஷம் இன்னும் எட்டு பிள்ளைகள தனியார் பள்ளி வேன்ல ஏத்திட்டாங்க.

இதுதான் எனக்கு முன்னாடி புரியாம இருந்தது. பிள்ளைக்கு இவ்வளவுன்னு பணத்த கணக்குப் போட்டு பிள்ளை எங்க போகுதோ அங்க பணமும் போகட்டும்னு சொல்றது கேக்க நியாயமாத்தான் இருக்கு, ஆனா அஞ்சு பிள்ளை போனா பள்ளிக்கூடத்து செலவு அஞ்சு பங்கு குறையாது. கூரை அதேதான், கழிவறை கழுவறது அதேதான், கரண்ட் பில் அதேதான், அஞ்சு வகுப்பும் இருக்கத்தான் செய்யும். குறையறது வாத்தியார் மட்டும்தான், அவர் பாதியா போக மாட்டார், போனா முழுசா போவார்.

இந்த யோசனை புதுசு இல்ல. அமெரிக்கால மில்டன் ஃப்ரீட்மன்னு பொருளாதார நிபுணர், 1955லயே சொன்னவர், அரசு பள்ளிக்கூடம் நடத்த வேணாம், பெத்தவங்க கைல வவுச்சர் (எந்தப் பள்ளிலயும் ஃபீஸுக்கு பதிலா குடுக்கற அரசுச் சீட்டு) குடுங்க, அவங்க தேடிக்கட்டும், போட்டி வந்தா எல்லா பள்ளியும் தானா நல்லாயிடும்னு. சிலி நாட்டுல சர்வாதிகாரி பினோசே ஆட்சில 1981ல அப்படியே இறக்கிட்டாங்க. என்ன ஆச்சுன்னா பள்ளிகள் பிள்ளைகள பொறுக்கி எடுக்க ஆரம்பிச்சது, வவுச்சருக்கு மேல தனியா ஃபீஸும் வாங்க ஆரம்பிச்சது, காசு இருக்கறவன் ஒரு பக்கம் இல்லாதவன் ஒரு பக்கம்னு பிரிஞ்சு, மாணவர்கள் எல்லாம் தெருவுக்கு வந்து போராடி, கடைசில 2015ல சட்டம் போட்டு அந்த மேல்ஃபீஸ், பொறுக்கி எடுக்கறது, லாபம் இதையெல்லாம் படிப்படியா நிறுத்த வேண்டியதாச்சு. சுவீடன்ல 1992ல ஆரம்பிச்சாங்க, லாபத்துக்கு நடத்தற கம்பெனியும் அரசுப் பணத்துல பள்ளி நடத்தலாம்னு. 2013ல ஒரு பெரிய பள்ளிக் கம்பெனியே திவால். பல ஆயிரம் பிள்ளைக படிச்சிட்டிருந்த பள்ளிகள். கடை மூடினா பக்கத்துக் கடைக்குப் போலாம், ஏழாவது படிச்சிட்டிருக்கற பிள்ளை நடு வருஷத்துல எங்க போகும்?

இதையெல்லாம் நான் அத்தைக்கு எடுத்துக் குடுத்தது மாதிரி ஆயிடுச்சு, ஆனா எதிர்ப்பக்கமும் ஒண்ணு சொன்னேன், அது அவங்களுக்குப் பிடிக்கல. நம்ம பக்கத்துலயே, பழைய ஆந்திரால, 2008ல கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 180 கிராமத்துல ஒரு ஆய்வு ஆரம்பிச்சாங்க. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு குலுக்கல்ல வவுச்சர் குடுத்து தனியார் பள்ளிக்கு அனுப்பி நாலு வருஷம் கழிச்சு பாத்தா, தெலுங்குலயும் கணக்குலயும் ரெண்டு பக்கமும் ஒரே மார்க்தான், ஹிந்தில மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளைக நல்ல வித்தியாசம், ஏன்னா அரசுப் பள்ளில அந்த வயசுல ஹிந்தி இல்லவே இல்ல. ஆனா தனியார் பள்ளி இத அரசு பண்ற செலவுல மூணுல ஒரு பங்கு கூட இல்லாம பண்ணிடுச்சு. அது மட்டுமில்ல, அரசுப் பள்ளில மிச்சம் இருந்த பிள்ளைகளுக்கு மார்க் குறையவும் இல்லையாம்.

அத்தை இத கேட்டுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் "அந்த மூணுல ஒரு பங்கு செலவு எப்படின்னு தெரியுமாடா? அந்த டீச்சருக்கு என்ன சம்பளம் குடுத்தாங்கன்னு கேளு"ன்னாங்க. அதுவும் சரிதான். எங்க பொண்ணு மிஸ் வாங்கற சம்பளம் எனக்குத் தெரியும், அவங்க சாயங்காலம் டியூஷன் எடுக்கலன்னா குடும்பம் ஓடாது. ஆனா அத்தையோட பள்ளில முழுச் சம்பளம் குடுத்தும் ஏன் அதே மார்க்குன்னு நான் திருப்பிக் கேட்டேன். எந்திரிச்சு தண்ணி குடிக்கப் போயிட்டாங்க. என் கணக்குல அந்த ரவுண்ட் டிரா.

எனக்கு ரொம்ப உறுத்தறது வயசு. ஆர்டிஇ எல்கேஜில ஆரம்பிக்குது, மூணு வயசு முடிஞ்ச பிள்ளை. நம்ம அரசுப் பள்ளி ஒண்ணாவதுல ஆரம்பிக்குது, அஞ்சு வயசு. அங்கன்வாடி இருக்கு, 2019ல 2,381 இடத்துல எல்கேஜி யுகேஜி ஆரம்பிச்சாங்க, ஆனா நிறைய ஊர்ல இன்னும் இல்ல. அப்ப அரசுப் பள்ளி கதவத் திறக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே பிள்ளை வேன்ல ஏறிடுச்சு. ஏறின பிள்ளைய அஞ்சாவது வயசுல இறக்கி இங்க கொண்டு வாங்கன்னு சொன்னா எந்த அம்மா கேப்பா, அதுவும் அரசே காசு கட்டும்போது.

கர்நாடகால 2019ல ஒரு வேலை பண்ணாங்க. பக்கத்துலயே அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தா அந்த ஏரியா தனியார் பள்ளிக்கு இந்த இருபத்தஞ்சு சதவீதம் கிடையாதுன்னு விதிய மாத்திட்டாங்க, திட்டம் கிட்டத்தட்ட காத்து போன பலூன் ஆயிடுச்சு. மகாராஷ்டிரா 2024ல அதே காப்பி அடிச்சது, பாம்பே ஹைகோர்ட் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அத்தைக்கு கர்நாடக ஐடியா பிடிச்சிருக்கு. எனக்கு பிடிக்கல. அரசுப் பள்ளிய நல்லா ஆக்காம ஏழைக்கு மட்டும் கதவ மூடிட்டு, காசு கட்டறவன் (என்ன மாதிரி) பாட்டுக்கு போயிட்டே இருப்பான்னா அது என்ன நியாயம்? மூடறதா இருந்தா எனக்கும் மூடுங்க. 1960கள்ல கோத்தாரி கமிஷன் சொன்னதே அதுதான், அருகமைப் பள்ளி, எல்லார் பிள்ளையும் ஒரே பள்ளின்னு. 2015ல அலகாபாத் ஹைகோர்ட் அரசு சம்பளம் வாங்கறவங்க எல்லாம் பிள்ளைகள அரசுப் பள்ளில போடணும்னு கூட தீர்ப்பு சொல்லிச்சு. நடந்துச்சா? நம்ம ஊர்ல 2011ல ஈரோடு கலெக்டர் ஒருத்தர் தன் பொண்ண ஊராட்சி ஒன்றியப் பள்ளில சேர்த்தாரு, பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. ஒரு அப்பா பிள்ளைய பக்கத்துப் பள்ளில சேர்த்தது நியூஸ் ஆகற நிலைமை.

இதுக்கு நடுவுல பணமே வராத கதை. ஒன்றிய அரசு சமக்ர சிக்ஷாங்கற பள்ளிக் கல்வித் திட்ட நிதிய நிறுத்திடுச்சு, பிஎம் ஸ்ரீங்கற அவங்க மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்துல தமிழ்நாடு கையெழுத்துப் போடலன்னு, 2024-25க்கு மட்டும் 2,152 கோடி. இந்த ஆர்டிஇ காசும் அதுக்குள்ளதான். 2025 ஏப்ரல்ல திறக்க வேண்டிய வெப்சைட் திறக்கல. மே, ஜூன், திறக்கல. கேஸ், தீர்ப்பு, அப்பீல்னு போய் அக்டோபர்லதான் பணம் வந்து அட்மிஷன் அறிவிச்சாங்க, அதுவும் எப்படின்னா ஏற்கெனவே பள்ளில சேர்ந்து படிச்சிட்டிருக்கற பிள்ளைகள்ல தகுதி இருக்கறவங்கள ஆர்டிஇக்குள்ள கொண்டு வர்ற மாதிரி. அதாவது ஜூன்ல எப்படியோ ஃபீஸ் கட்ட முடிஞ்ச வீட்டுப் பிள்ளைக்கு இலவசம், வெப்சைட் திறக்கும்னு காத்திருந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. இத படிச்சப்ப சிரிப்புதான் வந்துச்சு.

காத்திருந்த வீடுன்னு சொன்னேனே, அது இஸ்திரி அக்கா வீடுதான். சின்னவளுக்கு. இதுக்கு நடுவுல பெரியவன் பள்ளில வேற, கவர்மெண்ட் காசு வரல, புக்ஸுக்கும் வேனுக்கும் நீங்க கட்டுங்கன்னு மூணு தடவை கூப்பிட்டு அனுப்பியிருக்காங்க. அந்தப் பள்ளில ஃபீஸ்தான் இலவசம், மத்தது எல்லாம் எப்பவுமே கைக்காசுதான், அத முதல் வருஷம் எங்களுக்கு யாரும் சொல்லல. எட்டாவது முடிஞ்சு ஒன்பதாவது வந்தா முழு ஃபீஸ். அத நான் அக்காகிட்ட இன்னும் சொல்லல. சொல்லணும்.

அன்னைக்கு ராத்திரி சண்டை முடிஞ்சு காலைல அக்கா துணி குடுக்க வந்தாங்க. அத்தை வாசல்ல பேப்பர் படிச்சிட்டிருந்தாங்க. "தம்பி, வர்ற ஏப்ரலாச்சும் திறப்பாங்களா?"ன்னு அக்கா கேட்டாங்க. நான் தெரியலக்கான்னு இழுத்தேன், மனசுக்குள்ள போச்சுடா, அத்தை இப்ப அரசுப் பள்ளி லெக்சர் ஆரம்பிக்கப் போறாங்கன்னு நெனச்சேன்.

அத்தை பேப்பர்ல இருந்து தலைய தூக்காமலே கேட்டாங்க, "வருமானச் சான்றிதழ் எந்த வருஷத்துது?"

"அது பெரியவனுக்கு வாங்கினதும்மா."

"அது செல்லாது. புதுசா போடு, மார்ச்ல போட்டா கூட்டம், இப்பவே போடு. சின்னவளுக்கு ஆதார் எடுத்தாச்சா?"

"இல்லீங்க."

"வர்ற வாரம் வா, நான் கூட வரேன்"ன்னாங்க. அக்கா போனதும் என்னைப் பாத்து, "என் பழைய ஸ்கூல்ல இப்ப முப்பத்தொம்பது பேராம்டா, நேத்து போன் பண்ணி கேட்டேன்"ன்னு சொல்லிட்டு பேப்பர மடிச்சு வச்சுட்டு உள்ள போயிட்டாங்க.