ஒப்புக்குச் சப்பாணி

போன ஜூனில் தாம்பரம் பக்கம் புது அடுக்ககத்துக்குக் குடிவந்தோம். மகளுக்கு அப்போது ஆறு வயது. முதல் மூன்று வாரமும் சாயங்காலமானால் கீழே இறங்குவாள், மோட்டார் ரூம் படிக்கட்டில் உட்கார்ந்து மற்ற பிள்ளைகள் விளையாடுவதைப் பார்ப்பாள், இருட்டியதும் மேலே வந்துவிடுவாள். "நீயும் போய்ச் சேர்ந்துக்கோயேன்" என்றால் என் பின்னால் ஒளிவாள். பொறுக்க முடியாமல் ஒருநாள் நானே போய், "பாப்பாவையும் சேத்துக்கோங்கப்பா" என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. "சரி ஆன்ட்டி" என்றார்கள். ஐந்தே நிமிடம், மறுபடி படிக்கட்டு.

இதற்கு நடுவில் ஸ்கேட்டிங் வகுப்பிலும் சேர்த்துவிட்டேன், நாலு பேர் பழக்கமாவார்கள் என்றுதான். போனாள்தான். ஸ்கேட்டிங் நன்றாகவே வந்தது, பக்கத்தில் ஓட்டுகிற பிள்ளையின் பெயர்தான் தெரியவில்லை. மாஸ்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விசில் அடித்தால் ஓட வேண்டும், அடித்தால் நிற்க வேண்டும், இதில் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள என்ன இருக்கிறது?

அப்புறம் ஒருநாள், கீழே லாக் அண்ட் கீ. பத்து வயதிருக்கும் ஒரு பெண் படிக்கட்டுக்கு வந்து, "ஏய், நீ ஒப்புக்குச் சப்பாணி, வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இந்த வார்த்தை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பால்கனியில் நின்ற எனக்கு ஆச்சரியம். பிள்ளைத்தமிழ் இலக்கியத்தில் சப்பாணி என்றால் குழந்தை கைகொட்டுவது, பேச்சு வழக்கில் நடக்க முடியாதவரைச் சொல்வது, அந்த அர்த்தத்தில் கேட்டால் நல்ல வார்த்தை இல்லைதான். ஆனால் அது செய்கிற வேலை இருக்கிறதே! ஆட்டத்தில் எல்லோரோடும் ஓடலாம், கத்தலாம், தொட்டாலும் அவுட் கிடையாது. கும்பகோணத்தில் அண்ணன் செட்டில் நான் இரண்டு வருடம் சப்பாணி. கிட்டிப்புள்ளில் என் உத்தியோகம், சாக்கடையில் விழுந்த புள்ளைக் குச்சியால் தள்ளி எடுத்துத் தருவது. அதற்கே அவ்வளவு பெருமை எனக்கு.

சரி, லாக் அண்ட் கீக்கு வருகிறேன். பிடிக்கிறவன் தொட்டு "லாக்" என்றால் அப்படியே சிலையாக நிற்க வேண்டும், இன்னொருவர் வந்து தொட்டு "கீ" சொன்னால்தான் விடுதலை. முதலில் இவள் சும்மா பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஏதோ புரிந்திருக்க வேண்டும், தன்னை யாரும் லாக் பண்ண முடியாது என்பதால் நேராகப் போய் ஒவ்வொருவராகத் தொட்டு "கீ, கீ, கீ" என்று எல்லோரையும் அவிழ்த்துவிட ஆரம்பித்துவிட்டாள். நின்றவர்கள் எல்லாம் "இங்க வா, எனக்கு, எனக்கு!" என்று இவளைக் கூப்பிடுகிறார்கள். மூன்று வாரமாகப் பெயர்கூடத் தெரியாத பிள்ளையை!

பிடிக்கிற பையனுக்கு அழுகையே வந்துவிட்டது. "இது போங்காட்டம், நான் வரல" என்று நின்றுவிட்டான். அவனும் பாவம், நியாயம் அவன் பக்கம்தான். ஆட்டத்தை நிறுத்திப் பஞ்சாயத்து. சப்பாணி கீ சொல்லக் கூடாது என்றது ஒரு கட்சி, அப்படியென்றால் அவள் எதற்கு ஓட வேண்டும் என்றது இன்னொன்று, கால் மணி நேரம் ஆட்டமே இல்லை, சண்டைதான். இறங்கிப் போகலாமா என்று இரண்டு தடவை செருப்பை மாட்டினேன், நல்லவேளை போகவில்லை. இவளும் நடுவில் நின்று கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வாயைத் திறக்காதவள்.

கடைசியில் அவளை அழைத்து வந்த பெண்தான் தீர்ப்பு சொன்னாள்: "இனிமே இவளும் ஆளு. சாட் பூட் த்ரீ மறுபடி போடுங்க." பிடிக்கிறவன் யார் என்று கைகளை வைத்துத் தீர்மானிக்கிற சாட் பூட் த்ரீயில் சப்பாணிக்குக் கை கிடையாது, விளையாடியவர்களுக்குத் தெரியும். இவள் கையைக் கொண்டுபோய் அந்தக் கைகளுக்கு நடுவில் வைத்தாள். தனியாக வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பழம் ஆகி, அதாவது தப்பித்து, விலக, இவளும் ஒரு பழம்.

ஏழு மணிக்கு மேலே வந்தாள், முழங்காலில் சிராய்ப்பு, தலையெல்லாம் மண்.

"அம்மா, இன்னிக்கு நான் லாக் ஆயிட்டேன்!"

ராத்திரி அவள் அப்பா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவரிடமும் இதையே சொன்னாள்.