ஆயாம்மாவின் பெயரும் வரவேண்டும்

5 மே 2024, ஞாயிறு
பெஸ்தாரி ஜெயா

மலேசியாவில் எங்கள் ஊர் இது. பெயர் மாறினாலும் எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தைதான். ஜூன் முதல் தேதி எங்கள் முன்னாள் ரப்பர் தோட்டத்து மக்கள் ஒன்றுகூடல். கோயில் மண்டபத்தில் இன்று கூட்டம் நடந்தது. சாப்பாடு, பந்தல் கணக்கெல்லாம் முடிந்த பிறகு தோட்டத்து அலுவலகக் கணக்கராக இருந்த பெரிய கிராணி ஐயா ஒரு யோசனை சொன்னார். இந்த வருஷம் பொதுச் சுகாதாரச் சேவைக்கு ஒரு விருது கொடுப்போம், நம் கிளினிக் டேசாவில், அதாவது கிராமச் சுகாதார நிலையத்தில், நர்ஸாக இருந்த மிசிக்குக் கொடுப்போம் என்றார். எல்லாரும் கைதட்டினோம். மிசி மலாய்க்காரர். ஆனால் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் மோட்டாரை நிறுத்தியதும் தமிழில்தான் கூப்பிடுவார். பாராட்டுரையை நான் எழுத வேண்டும்.

9 மே, வியாழன்

வேலை முடிந்து மிசி வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது, ஆனால் ஞாபகம் கொஞ்சமும் மங்கவில்லை. கர்ப்பிணிப் பெண்களின் புத்தகத்தில் ஒட்டும் நிறங்களைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார். 1989-ல் வந்த முறை அது. வெள்ளை என்றால் நர்ஸே கவனித்துக்கொள்ளலாம். பச்சை என்றால் டாக்டரும் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். சிவப்பு என்றால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

"இது யாருக்கு நல்லாப் புரிஞ்சது தெரியுமா? ஆயாவுக்கு. அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நிறம் தெரியும். நான் வாரத்துல ரெண்டு நாள் வருவேன். மத்த நாள்ல யாரு பார்த்தா? அவங்க பேரையும் எழுதும்மா. இல்லன்னா எனக்கு வேண்டாம்."

ஆயாம்மா என்றால் எங்கள் ஆயாக்கொட்டகை ஆயாம்மா. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்க, போகும் தாய்மார்கள் பிள்ளைகளை அவரிடம் விட்டுப் போவார்கள். எந்தப் பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது, எதற்கு ஊசி போடத் தேதி தப்பிவிட்டது, எந்த வீட்டில் புதிதாக வாந்தி எடுக்கிறார்கள் என்பதெல்லாம் முதலில் அவருக்குத்தான் தெரியும். இதை எழுத உட்காரும் வரை இது சுகாதார வேலை என்று எனக்கே தோன்றவில்லை. அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

12 மே, ஞாயிறு

இன்று தாதியர் தினம். அன்னையர் தினமும் சேர்ந்து வந்தது. அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். 1991-ல் தம்பி வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்குக் கால் வீங்கியது, தலைவலி தாங்கவில்லை. மிசி ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுச் சிவப்பு ஒட்டினார். அம்மா போக மறுத்துவிட்டார். என்னையும் தங்கச்சியையும் யார் பார்ப்பது, ஒரு நாள் கூலி போகுமே என்ற கவலை.

ஆயாம்மா வந்து வாசல்படியில் உட்கார்ந்தார். திட்டவில்லை. "புத்தகத்துல சிவப்பு இருக்கு. நீ லாரி ஏறுற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்" என்று சொன்னாராம். அப்பா ரப்பர் பாலை எடை போட்டுவிட்டு வரும்வரை அங்கேயே இருந்தார். எனக்கு அப்போது 12 வயது. அன்றிரவு எங்களுக்கு ஆயாம்மா கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. ஏன் அவர் வந்தார் என்பது இன்றுதான் தெரிந்தது.

1957-ல் மலாயாவில் லட்சம் பிரசவத்துக்கு ஏறத்தாழ 280 தாய்மார் இறந்தார்கள். 2010-ல் அது 26 அளவுக்கு இறங்கியிருந்தது. மருத்துவமனைகள், மிசிமார்கள், ரத்த வங்கிகள், சாலைகள் எல்லாம் அதற்குக் காரணம். வாசல்படியில் உட்கார்ந்தவர்களும் காரணம் என்று நான் எழுதப்போகிறேன்.

15 மே, புதன்

கிராணி ஐயாவிடம் போனில் சொன்னேன். "ஆயாவுக்கு மாலை போடலாம்மா. விருது வேற. அவங்க சுகாதார இலாகாவுல இருந்தவங்களா? ஒரு பதிவு இருக்கா?" என்றார். கெட்ட எண்ணம் இல்லை. அவர் பழகிய உலகம் அப்படி. பெயர்ப் பதிவேட்டில் இருந்தால்தான் ஆள்.

18 மே, சனி

பதிவில் இருப்பவர் பெயர் மட்டும் நிற்பதற்கு நம் கிள்ளான் நகரத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1901-ல் டாக்டர் மால்கம் வாட்சன் அங்கே சதுப்பை வடித்துக் காட்டைத் திருத்த வைத்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் அந்த வருஷம் 368 காய்ச்சல் சாவுகள், அடுத்த வருஷம் 59. 1924-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. தகுதியான பட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மண்ணை வெட்டியவர்களில் ஒருவர் பெயர்கூட நான் படித்ததில் இல்லை. என் தாத்தா தோட்டத்து லோங்காங்கில், அதாவது சாக்கடை வாய்க்காலில், கொசுப்புழு சாக எண்ணெய் தெளித்தவர். அவர் முதுகில் எண்ணெய் டின் வார் பதிந்த தழும்பை அம்மா பார்த்திருக்கிறார்.

22 மே, புதன், விசாக தினம்

விடுமுறை என்பதால் கூட்டம் நிறைந்திருந்தது. நான் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துச் சொன்னேன். சரியாக இரண்டு வருஷத்துக்கு முன், 2022 மே 22, ஜெனீவாவில் உலகச் சுகாதார மன்றம் கூடியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநர் அன்று ஆறு விருதுகள் அறிவித்தார். அதில் ஒன்று இந்தியாவின் ஆஷா பெண்களுக்கு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். நிரந்தர அரசு ஊழியர்கள் இல்லை, ஊக்கத்தொகைக்கு உழைப்பவர்கள். கிராமத்துக்குள் வீடு வீடாகப் போய்த் தடுப்பூசிக்கும் பிரசவத்துக்கும் ஆட்களைக் கூட்டிப் போகிறவர்கள். அதே நாளில் ஆப்கானிஸ்தானில் போலியோ மருந்து கொடுக்கப் போய்ச் சுட்டுக் கொல்லப்பட்ட எட்டுப் பேருக்கும் விருது கொடுத்தார்கள்.

"ஜெனீவாவில் யாரும் அவங்க என்ன பதவின்னு கேட்கவில்லை ஐயா" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பின்னால் இருந்து ஒரு அக்கா எழுந்து, தன் மூத்த பிள்ளைக்குத் தட்டம்மை ஊசி போடத் தூக்கிக்கொண்டு போனது ஆயாம்மாதான் என்றார். இன்னொருவர் எழுந்தார். பிறகு இன்னொருவர். கிராணி ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ரெண்டு பேரையும் எழுதிக்கம்மா, ஒரே தட்டுல" என்றார்.

1 ஜூன், சனி

மிசியும் ஆயாம்மாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நான் வாசித்தபோது மிசி ஆயாம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பொன்னாடை ஒரே நிறத்தில் இரண்டு. அம்மாதான் ஆயாம்மாவுக்குப் போர்த்தினார்.

சாப்பாட்டுப் பந்தியில் தம்பி தன் மனைவியை ஆயாம்மாவிடம் கூட்டிப் போனான். ஐந்து மாதம். ஆசீர்வாதம் வாங்கக் குனிந்தவளை ஆயாம்மா நிமிர்த்தி, முதலில் காலைப் பார்த்தார்.

"புத்தகம் வாங்கிட்டியா? என்ன நிறம்?"

"பச்சை, ஆயாம்மா."

"பச்சைன்னா டாக்டர் பார்க்கணுமே. பார்த்தாரா?"

அடுத்த செவ்வாய்க்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள் என்றாள். ஆயாம்மா மிசியின் பக்கம் திரும்பி, "செவ்வாய்க்கிழமையாம்" என்றார்.