பட்டா யார் பெயரில்?

பண்ருட்டி பக்கம் முந்திரி உடைக்கும் கொட்டகையில் ஓர் அக்காவின் விரல்களை இன்று பார்த்தேன். கொட்டையின் எண்ணெய் பட்டு நுனித்தோல் கருகி உரிந்திருந்தது. சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்துக்கொண்டிருந்தார்.

"முன்பு எங்கள் கொல்லையில் கம்பு, கேழ்வரகு, வரப்போரம் காராமணி. விதைப்பானை என் பொறுப்பு தம்பி. இப்போது எல்லாம் முந்திரி."

"பணம்?"

"அவர் கணக்கில்."

மகசூல் பணம் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. அடுப்பு தினமும் எரிய வேண்டுமே! ரேஷன் அரிசி வயிற்றை நிரப்பும். கேழ்வரகின் சத்துக்கு எங்கே போவது?

பணப்பயிரே வேண்டாம் என்று சொல்லவில்லை. பொறுக்குவதும் உடைப்பதும் பெண்கள், விலை பேசுவது மட்டும் ஆண்கள் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் இயற்றியது. அக்காவுக்கோ பிறந்த வீட்டு நிலம் அண்ணன் பெயரில், புகுந்த வீட்டு நிலம் கணவர் பெயரில்.