மூன்று மாத வாடகை

எங்கள் ஊரில் மாலை நேரப் படிப்பகம் நடத்தும் சின்ன அறக்கட்டளைக்கு நான் கணக்கு எழுதுகிறேன். 2020 ஊரடங்கில் நன்கொடை ஒரே மாதத்தில் நின்றது. வாடகை நிற்கவில்லை. மூன்று மாத வாடகைக்கான பணம் வங்கியில் இருந்ததால்தான் அந்த அறை இன்றும் எங்களிடம் இருக்கிறது. பிள்ளைகள் திரும்பி வந்தபோது கதவைத் திறக்க முடிந்தது.

"சேவை செய்கிறவர்களுக்கு பேங்கில் எதற்குப் பணம்?" என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் வருமான வரிச் சட்டமே இதற்கு இடம் தருகிறது. வரிவிலக்குப் பதிவு பெற்ற அறக்கட்டளை ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும். மீதி 15 சதவீதத்தைச் சேர்த்து வைக்கலாம். கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று தரும் சிஎஸ்ஆர் பணம் பெரும்பாலும் ஒரு திட்டத்துக்கென்றே வரும். அதில் பெஞ்சு வாங்கலாம், புத்தகம் வாங்கலாம். திட்டம் முடிந்த பிறகு வரும் கரண்ட் பில்லை யார் கட்டுவது?

அதனால் மாதம் 100 ரூபாய் தரும் ஐம்பது பேர்தான் எனக்குப் பெரிய தெம்பு. ஒருவர் நிறுத்தினாலும் 49 பேர் இருக்கிறார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்த வீடுகளில் வளர்ந்தவர்கள்தானே நாம்.

இந்த ஞாயிறு ரசீதுப் புத்தகத்தோடு தெருத்தெருவாக வருகிறோம். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு வரிச் சலுகை உண்டு. 2000 ரூபாய்க்கு மேல் என்றால் மட்டும் ரொக்கமாக வேண்டாம், வங்கி வழியாக அனுப்புங்கள். அதற்கு மேல் தரும் ரொக்கத்துக்குச் சலுகை கிடைக்காது.